தொரட்டியின் நிழல்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது சார். டீயில் சர்க்கரை போட வேண்டாம் என்று அந்தச் சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போட்டுக் கொண்டுவந்துவிட்டால் வீணாக்க மாட்டேன், குடித்துவிடுவேன். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

மேசையில் ஒரு பெரிய பிரிண்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ராஜவேல் சார் ஒரு படத்தை இப்படிப் பொத்திக் காக்கிறார் என்றால் அது நான் எடுத்த படமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், அவசரமில்லை. நானே அந்த இடத்துக்கு வருகிறேன். இந்த அம்மாவாசை கதை சொன்னால் ஊரைச் சுற்றித்தான் வரும் என்று நெல்லித்தோப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொய்யும் சொல்வான் என்பார்கள். அதுவும் சரிதான்.

கேமராவை என் மகள் ஹேமலதா பிரான்சிலிருந்து அனுப்பினாள். ஃபிலிம் கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு காக்கையை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு முனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற சுடர்விழிதான் அந்த மேப்பைக் காட்டினாள். வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி உலகம் முழுக்க விரிந்து கிடக்கிறது. நாம் எடுத்த படத்தை ஏற்றி, எடுத்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்திவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிரேசில்காரன்கூட நம் தெருவுக்கு வந்து, ரொம்ப அழகு என்று கீழே எழுதிவிட்டுப் போவான்.

நான் முதலில் ஏற்றியது ஒரு பசுவை. காலாப்பட்டில் கடல் ஓரமாக நின்றது. நல்ல பசு. ஆனால் கரையில் நிற்கிற பசுவை எவன் பார்ப்பான்? ஊசியைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி நடுக்கடலில் குத்தினேன். தினமும் காலையில் நீந்திப் போய்ப் பாசி மேய்ந்துவிட்டு, சாயங்காலம் கறவைக்கு வீடு திரும்பும் பசு என்று சுடர்விழியை இங்கிலீஷில் அடிக்கச் சொன்னேன்.

“நம்புவாங்களா தாத்தா?”

“நீ அடிம்மா.”

பால் உப்புக் கரிக்குமா என்று போலந்திலிருந்து ஒரு அம்மாள் கேட்டிருந்தாள். லேசாக, என்று பதில் போட்டேன்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். அந்த அம்மாள் சந்தோஷமாக இருந்தாள், நானும் இருந்தேன். பசுவுக்கு ஒன்றும் தெரியாது. அப்போதுதான் கீழே இன்னொருவர் எழுதினார். “இது காலாப்பட்டுக் கரை. பசு கொளஞ்சி என்பவருடையது. விசாரித்ததில் அதற்கு நீந்தத் தெரியாது. இடம் தவறு.”

எழுதியவர் பலராமன் சார். நிலம் அளக்கிற உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் சுடர்விழியின் கடைக்குத்தான் வருவார். எனக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் வாயால் சொல்லாமல் மேப்பில் எழுதுவார். எழுதி முடித்ததும் என் பக்கம் திரும்பி, “அம்மாவாசை, டீ சாப்பிடலாமாய்யா?” என்பார். நல்ல மனுஷன் சார். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். கோபத்தில் செய்கிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

அவர் சரிபார்க்கிற விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரிய மார்க்கெட் மீன் வரிசையை எடுத்து நான் வீராம்பட்டினம் கடற்கரையில் குத்தியிருந்தேன். விடுவாரா? மார்க்கெட்டுக்கே வந்துவிட்டார். கழுத்தில் கேமரா, கையில் என் படத்தின் பிரிண்ட். பிரிண்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருக்கிற தூணையும் படத்தில் இருக்கிற தூணையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தார். நான் எங்கே நின்று எடுத்தேனோ அங்கே அவர் கால் பட்டாக வேண்டும். அதே வெயிலில், அதே நிழலில், அதே படத்தை அவரும் எடுத்து என் படத்துக்கு அடியில் போட வேண்டும். போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அப்படியே பின்னால் போய் மீன்காரி செல்வாம்பாளின் கூடையில் உட்கார்ந்துவிட்டார்.

“யோவ் பெருசு, வாங்க வர்றவன் கையால தொட்டுப் பாப்பான். நீ என்னாய்யா உக்காந்து பாக்கற?”

“கொஞ்சம் தள்ளிக்கம்மா. இன்னும் அரையடி பின்னால போவணும்.”

“பின்னால தராசு இருக்குது. அதுல ஏறிக்க, எடையும் போட்டுடறேன்.”

மீன் வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் தூணுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேட்டியெல்லாம் மீன் தண்ணீர். கூடையிலிருந்து எழுந்து, பிரிண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த அரையடியையும் போனார்.

அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. பேனாவை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? தெரியாது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு விஷயம். ஹேமலதா காலாப்பட்டில் யுனிவர்சிட்டியில் படித்தாள். கூடப் படித்த தேவதாஸ் கட்டிக்கொள்கிறேன் என்றான். அவர்கள் சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், வீட்டில் நாய்க்குட்டி தவிர எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். நான் அப்போது ஒயிட் டவுனில் ஒரு பங்களாவுக்கு வாட்ச்மேன். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில், சாவி என் இடுப்பில். என் வீடோ சிமென்ட் குடோனுக்குப் பின்னால், தகரக் கதவு. நீங்களாக இருந்தால் எங்கே வரச் சொல்லியிருப்பீர்கள்?

வேட்டி சட்டையோடு வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, “பொன்ழூர், வாங்க சம்பந்தி” என்றேன். ஹேமலதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய், அவள் வாழ்நாளில் பார்த்திராத அடுப்படியில் தேடிப்பிடித்துக் காபி போட்டு எடுத்து வந்தாள். கெட்டிக்காரி. கல்யாணத்தை மேரியில், அதுதான் முனிசிபல் ஆபீசில், பதிவு செய்தார்கள். கொஞ்ச நாளில் எல்லோருமாகப் பிரான்சில் துலூஸுக்குப் போய்விட்டார்கள்.

அங்கே அவள் மாமியார் வருகிறவர்களுக்கெல்லாம் மேப்பைத் திறந்து சம்பந்தி வீட்டைக் காட்டுவாளாம். காட்ட வேண்டுமே என்று நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண், மேலே வழிகிற காகிதப்பூ. ‘என் வீடு’ என்று தலைப்பு. பங்களாக்காரர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஊசியை மட்டும் நாலு வாசல் தள்ளிக் குத்தினேன்.

தள்ளிக் குத்தினால் பலராமன் சாருக்கு மூக்கு வேர்த்துவிடும் என்பதை மறந்துவிட்டேன்.

கீழே எழுதினார். “இடம் தவறு. வீடும் தவறு. இது வெளிநாட்டில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் பங்களா. படத்தை ஏற்றியவர் இங்கே வாட்ச்மேன். அவருடைய வீடு இதோ.” எழுதியதோடு விடாமல் நெல்லித்தோப்புக்கு வந்து, என் தகரக் கதவையும், வாசலில் இருக்கிற நீல டிரம்மையும், கொடியில் காய்ந்த என் ஓட்டை பனியனையும் சேர்த்துப் பளிச்சென்று எடுத்து, என் பெயரையும் போட்டு, இம்மி பிசகாமல் ஊசி குத்தியிருந்தார். கெட்ட எண்ணமே இல்லை சார். தப்பான இடத்தில் இருக்கிற எல்லைக்கல்லைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நடுகிற மாதிரிதான் அவருக்கு.

ஹேமலதா போன் செய்தாள். “அப்பா, அந்தப் படத்த எடுக்கச் சொல்லுப்பா. அத்த காலையில ஒருவாட்டி தொறந்து பாக்கறாங்க, சாயங்காலம் ஒருவாட்டி பாக்கறாங்க. ஒண்ணும் கேக்கல. அதப் பாத்துட்டு என்னைப் பாக்கறாங்க. அவரும் இப்ப எங்கூடப் பேசறதில்ல.” அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மாமியார் எடுத்து, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வைத்துவிடுவாள். எதற்கு மெர்சி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பலராமன் சாரிடம் போய்க் கேட்டேன். சுடர்விழி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவளையும் விசாரித்திருப்பீர்கள்.

“சார், அந்த வீட்டுப் படத்த எடுத்துடுங்க.”

“ஏன், எடம் தப்பா?”

“எடம் சரிதான்.”

“கதவு உன்னுது இல்லியா?”

“என்னுதுதான்.”

“அப்புறம் எதுக்குய்யா எடுக்கணும்?”

“பொண்ணு வாழ்க்க சார்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: “பொண்ணு வாழ்க்கைய நீதான்யா தப்பான எடத்துல குத்திட்ட. சரி, ஒண்ணு பண்ணு. ஒரே ஒரு படம், எடுத்த எடத்துலயே ஒழுங்கா குத்திக் காட்டு. நான் போயி நின்னு பாக்கறேன். நூல் பிசகாம இருந்துதுன்னா உன் வீட்டுப் படத்த அன்னிக்கே எடுத்துடறேன். வார்த்த.”

“தாத்தாவுக்கு வந்த சோதனைய பாரு” என்று சுடர்விழி சிரித்தாள். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். காந்தி சிலையை எடுத்துக் காந்தி சிலையிலேயே குத்தியிருந்தால் முடிந்தது அல்லவா என்று. நானும் அதை யோசித்தேன். ஒருநாள் முழுக்க யோசித்தேன். ஆனால் சார், இன்றைக்கு எடுப்பார். நாளைக்கே ஹேமலதா மாமியார் அந்த மேப்பில், உண்மையில் எந்த வீடு என்று கேட்டு எழுதினால் என்ன செய்வார்? உட்கார்ந்து பதில் எழுதுவார். உண்மையைக் கேட்டு யாராவது வாசலில் நின்றால் அந்த மனுஷனால் கதவைச் சாத்த முடியாது. அது ஒரு வியாதி. எனக்குச் சர்க்கரை மாதிரி.

தட்டாஞ்சாவடியில் மூடிக்கிடக்கிற சாயப்பட்டறை உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே அவரை அங்கிருந்து தூக்கினீர்கள். பங்களா வேலைக்கு முன்னால் நான் அங்கேதான் வாட்ச்மேன். பின்பக்கம் மதில் சரிந்து ஆடெல்லாம் போய்வரும். உள்ளே பின்சுவர், அதற்கு எதிரே கொஞ்சம் வெற்றுத் தரை, அதற்குப் பின்னால் சாயக்கழிவு விடுகிற தொட்டி. ஆழமான தொட்டி. தகரம் போட்டு மூடியிருந்தார்கள். தகரம் துருவேறி, அதன் மேல் ஊணான்கொடி படர்ந்து, பூவும் பூத்துக் கிடக்கும். பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். நான் வேலையில் இருந்தபோதே ஒரு கன்றுக்குட்டி அதில் விழுந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பிரெஞ்சுத் தெருப் பலகை ஒன்று கிடைத்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து. அதைப் பட்டறையின் பின்சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். தட்டாஞ்சாவடி பட்டறைக்குள் பிரெஞ்சுக்காரன் தெரு என்றால் பலராமன் சாருக்கு அன்றைக்கு ராகுகாலமும் தெரியாது, எமகண்டமும் தெரியாது. நிஜமாக அங்கே இருக்கிறதா என்று பார்க்க ஓடி வருவார்.

படத்தையும் சரியான இடத்திலிருந்து எடுக்க வேண்டும் இல்லையா? அதுதான் ஒப்பந்தம். தரையோடு தரையாக இருக்கிற தொட்டியின் ஓரச் சுவரில் நின்றுகொண்டு, மாங்காய் பறிக்கிற தொரட்டியின் நுனியில் கேமராவைக் கட்டி, தானாக எடுக்கிற பட்டனை அமுக்கி, தொட்டியின் நடுவே ஆள் உயரத்துக்கு நீட்டினேன். கை கொஞ்சம் ஆடிற்று, வயசு. திரும்பத் திரும்ப எடுத்து ஒன்று நன்றாக வந்தது. சுவர், பலகை, மேலே சிம்னி. உலகத்தில் அந்தப் படம் அப்படியே கிடைக்க வேண்டுமென்றால் ஒருவன் அந்தத் தகரத்தின் மேல்தான் நிற்க வேண்டும். ஊசியையும் அங்கேயே குத்தினேன். மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, தொட்டி இருக்கிற பச்சைச் சதுரம் தெரிகிறவரைக்கும் பெரிதாக்கி, நடுவில் குத்தினேன்.

அவர் அங்கே போன அன்று காலை நான் சுடர்விழி கடையில் இருந்தேன். போன் வந்தது. கடைசியாக அவர் கூப்பிட்டது என் நம்பரைத்தான் என்று நீங்கள் கண்டுபிடித்தபோது, படத்தைப் பற்றிக் கேட்டார் என்று சொன்னேனே, அது உண்மை. கேட்டதை முழுக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“யோவ் அம்மாவாசை, பலகை இங்க நெசமாவே இருக்குதுய்யா.”

“இருக்கும் சார்.”

“நீ அடிச்சியா?”

“நான்தான் சார் அடிச்சேன்.”

சிரித்தார். “கேப்மாரி. ஆனா எடம் கூடி வருது. சிம்னி ஒத்துப் போவுது. பலகைதான் பெருசா தெரியுது. இன்னும் பின்னால வரணும் போலருக்கு.”

“வரணும் சார்.”

“கீழ கோடாட்டம் ஒரு நிழல் விழுந்திருக்குதே, என்னாது?”

“தொரட்டி சார்.”

“தொரட்டி எதுக்குய்யா?”

“கேமராவ கட்டறதுக்கு.”

“உனக்கு எல்லாமே வெளையாட்டுதான்யா” என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. என்னை ஒருவழியாகத் திருத்திவிட்டோம் என்று நினைத்திருப்பார். செல்லைத் தோளில் இடுக்கிக்கொண்டிருக்க வேண்டும், மூச்சு பலமாகக் கேட்டது. “இன்னும் எவ்ளோதான் போவணும்?”

“இன்னும் கொஞ்சம் சார்.”

தகரம் பெரிய சத்தம் ஒன்றும் போடவில்லை. அப்பளம் உடைகிற மாதிரிதான். செல் மேலேயே கொடியில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. பிறகு கீழேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார். யோவ் எல்லாம் இல்லை, வெறும் பெயர். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் செல்லில் பேலன்ஸ் வீணாகப் போகிறதே என்று நான்தான் கட் பண்ணினேன்.

“யாரு தாத்தா?” என்றாள் சுடர்விழி.

“பலராமன் சார்மா. எடம் சரியா இருக்குதாம்.”

“பரவால்லியே, பாஸாயிட்டீங்க” என்று டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு, படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அவர் சம்சாரம் பார்வதி அம்மாள் அழுதுகொண்டு வந்தார்கள். சாப்பாட்டுக்கு வரவில்லை, செல்லை எடுக்கவில்லை என்று. நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய மார்க்கெட், கடற்கரை, பஸ் ஸ்டாண்டு, மறுநாள் காலாப்பட்டு வரைக்கும். பசுக்காரர் கொளஞ்சியைக்கூட விசாரித்தோம். தட்டாஞ்சாவடிக்குப் போகலாமா என்று அந்த அம்மாள் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன். உடனே உயிர் போகவில்லை, அன்று ராத்திரி வரை இருந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருந்திருக்கலாம். உறுதியான உடம்பு. ஆடு மேய்க்கிற ஆயம்மா குட்டியைத் தேடி அங்கே போயிருக்காவிட்டால் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்திருப்போம். பார்வதி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கூடப் பிறந்தவன் மாதிரி அலைந்தாய் என்றார்கள்.

சரி, பிரிண்டைத் திருப்புங்கள். சுடர்விழிதானே காட்டிக்கொடுத்தது? கொஞ்ச நாளாகவே அவள் நான் போனால் தாத்தா என்று கூப்பிடுவதில்லை, மெஷினைக் கையால் காட்டுவாள். பாருங்கள், தரையில் இடது பக்கத்திலிருந்து ஒரு கோடு. கோட்டின் நுனியில் சின்னப் பெட்டி. படம் எடுத்தவனின் நிழல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே ஆளே இல்லை. அவள் கெட்டிக்காரி. அவளுக்கு முன்னாலேயே பலராமன் சாரும் அதைப் பார்த்தார். பார்த்ததைக் கேட்டார், நானும் மறைக்கவில்லை.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எனக்கு ஒரே ஒரு குறை. அந்தத் தகரக் கதவுப் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. நேற்றுகூடப் பார்த்தேன். ஏற்றியவரால்தான் எடுக்க முடியுமாம், அவர் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாதாம். துலூஸில் காலையில் ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி திறந்து பார்ப்பார்கள். உங்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் என் பங்கை நான் ஒழுங்காகச் செய்தேன் சார். அளந்து பார்த்துக்கொள்ளுங்கள், ஊசி நூல் பிசகாமல் இருக்கும். படத்தை அன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று வார்த்தை கொடுத்தவர் அவர். அவர்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போய்விட்டார்.